சொல்லால் திருநாள்: கொரியரின் புத்தாண்டும் குடும்ப முறைமையும்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் நமக்குச் சந்திர நாட்காட்டியின் முதல் நாள் என்றவுடன் சீனப் புத்தாண்டே நினைவுக்கு வருகிறது. செந்நிற விளக்குகளும் அங்பாவும் குடும்ப விருந்தும் நாம் ஆண்டுதோறும் அண்டை வீடுகளில் காண்பவை. அதே நாளைக் கொரியரும் தங்கள் புத்தாண்டாகக் கொண்டாடுகின்றனர். கொரியத் தொடர்நாடகங்களின் வழியே நம் மாணவர் பலர் அம்மக்களின் உணவையும் உடையையும் அறிந்துள்ளனர். ஓப்பா, ஒன்னி போன்ற சில முறைப்பெயர்களையும் பழகியுள்ளனர். ஆயினும், அச்சொற்களுக்குப் பின்னுள்ள குடும்ப ஒழுங்கு பலருக்கும் விளங்குவதில்லை.

இக்கட்டுரையில் அத்திருநாளை அதன் சொற்களின் வழியாகக் காண்போம். யார் யாரை எவ்வாறு அழைக்கிறார், யார் முதலில் வணங்குகிறார், எந்த வினைவடிவில் வாழ்த்துகிறார் என்பவற்றை உற்றுநோக்கினால் ஒரு குடும்பத்தின் அமைப்பு தெளிவாகப் புலப்படும். அவ்வமைப்பில் இன்று எழுந்துள்ள சிக்கல்களும் அதே சொற்களிலேயே வெளிப்படுகின்றன.

நாளும் பெயரும்

இத்திருநாளின் பெயரைத் தமிழ் எழுத்தில் ஒலிக்கு அண்மையாக எழுதினால் 'சொல்லால்' என்றே அமையும். இது தற்செயலான ஒலி ஒற்றுமை. நம் 'சொல்' என்னும் சொல்லோடு இதற்குத் தொடர்பில்லை. 'சொல்' என்பது ஆண்டின் முதல் நாளைக் குறிக்கும் தூய கொரியச் சொல். 'நால்' என்பது நாளைக் குறிக்கும். இரண்டும் சேரும்போது நகரம் லகரமாகத் திரிந்து 'சொல்லால்' என ஒலிக்கிறது. நம் புணரியலைப் போலவே கொரிய மொழியிலும் மெய்யெழுத்துகள் ஒன்றையொன்று தழுவித் திரிவதற்கு இது நல்ல சான்று.

'சொல்' என்பதன் வேர் குறித்துப் பல கருத்துகள் உள்ளன. பழக்கமற்றது, புதியது என்னும் பொருள்தரும் சொல்லிலிருந்து பிறந்தது என்பர் சிலர். அகவையை எண்ணப் பயன்படும் 'சால்' என்னும் அலகுச் சொல்லோடு உறவுடையது என்பர் வேறு சிலர். இவற்றுள் எதுவும் ஐயமற நிறுவப்படவில்லை. எனினும், புத்தாண்டையும் அகவையையும் கொரியர் இணைத்தே எண்ணினர் என்பதை இரண்டாம் கருத்து நமக்கு உணர்த்துகிறது.

இந்நாள் பெரும்பாலும் சனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் இடையில் வரும். சீனப் புத்தாண்டும் இதுவும் ஒரே நாளில் அமைவதே வழக்கம்; மிக அரிதாக ஒரு நாள் வேறுபடும். கொரியாவின் கடிகாரம் சீனாவைவிட ஒரு மணிநேரம் முன்னே செல்வதே இதற்குக் காரணம். 1997இல் சீனாவில் பிப்ரவரி 7 நள்ளிரவுக்குச் சற்று முன்னர் அமாவாசை நிகழ்ந்தது. அந்நொடியில் கொரியாவில் பிப்ரவரி 8 பிறந்துவிட்டிருந்தது. ஆகவே அவ்வாண்டு கொரியப் புத்தாண்டு ஒரு நாள் பிந்தியது.

பெயரை இழந்தும் மீட்டும்

இன்று தென்கொரியாவில் சொல்லால் மூன்று நாள் விடுமுறை. ஆனால், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் அத்திருநாள் தன் பெயருக்காகவே போராட வேண்டியிருந்தது.

1896 சனவரி 1 முதல் கொரிய அரசு கதிரவ நாட்காட்டியை ஏற்றது. அதன்பின் 1910 முதல் 1945 வரை நீடித்த சப்பானிய ஆட்சியில் சந்திரப் புத்தாண்டு ஒடுக்கப்பட்டது. அப்போது இரண்டு சொற்கள் வழக்கில் ஊன்றின. கதிரவப் புத்தாண்டு 'ஷின்ஜொங்', அதாவது புதிய புத்தாண்டு. மக்களின் திருநாளோ 'கூஜொங்', அதாவது பழைய புத்தாண்டு. 'பழைய' என்னும் அடைமொழி ஒரு காலக்குறிப்பைப் போலத் தோன்றினாலும், விட்டொழிக்க வேண்டியது என்னும் மதிப்பீட்டையும் அது சுமந்திருந்தது.

விடுதலைக்குப் பின்னரும் நிலைமை உடனே மாறவில்லை. 1949இல் சனவரி மாதத்தின் முதல் மூன்று நாள்கள் அரசு விடுமுறை ஆயின. இரண்டு புத்தாண்டுகளைக் கொண்டாடுவது வீண்செலவு என அரசு பரப்புரை செய்தது. ஆயினும், மக்கள் தங்கள் வீடுகளில் சந்திரப் புத்தாண்டைக் கைவிடவில்லை. 1985இல் அந்நாளுக்கு விடுமுறை கிடைத்தது. ஆனால் அதற்குச் சூட்டப்பட்ட பெயர் 'நாட்டுப்புற வழக்குகளின் நாள்' என்பதே. விடுமுறை வந்தும் பெயர் வரவில்லை. 1989இல்தான் 'சொல்லால்' என்னும் பெயர் சட்டப்படி மீண்டது. விடுமுறையும் மூன்று நாளாயிற்று. 2023 டிசம்பரில் சொல்லால் உள்ளிட்ட ஐந்து மரபுத் திருநாள்கள் நாட்டின் தொட்டுணர முடியாத மரபுச் செல்வங்களாக அறிவிக்கப்பட்டன.

அரசாணைகள் மறுத்த ஒரு பெயரை வீடுகள் காத்தன என்பதே இவ்வரலாற்றின் சாரம். வீடுகளில் அது எவ்வாறு காக்கப்பட்டது என்பதை இனிக் காண்போம்.

முன்னோர் வழிபாடு

சொல்லால் காலையில் குடும்பத்தினர் புத்தாடை அணிந்து, மூத்த மகனின் வீட்டில் கூடுவது மரபு. அங்கு நிகழும் முன்னோர் வழிபாட்டுக்குச் 'சார்யே' என்று பெயர். இது சீன வேர்கொண்ட கூட்டுச்சொல். 'தேநீர்ச் சடங்கு' என்பது நேர்ப்பொருள். ஆனால் இன்றைய படையலில் தேநீருக்கு மாறாக அரிசி மதுவே வார்க்கப்படுகிறது. வழக்கம் மாறிய பின்னும் சொல் பழைய பொருளைத் தன்னுள் வைத்திருப்பதை மொழிநூலார் அடிக்கடி காண்பர். அதற்கு இச்சொல் ஓர் எடுத்துக்காட்டு.

படையல் மேசையை அடுக்குவதற்குப் பல குடும்பங்களில் எளிய சூத்திரங்கள் உண்டு. செந்நிறப் பண்டம் கிழக்கே, வெண்ணிறம் மேற்கே. மீன் கிழக்கே, இறைச்சி மேற்கே என அவை மனப்பாடமாகச் சொல்லப்படும். இவ்வளவு உணவையும் ஆக்கும் உழைப்பு பெரும்பாலும் மருமகள்களின்மீதே விழுந்தது. திருநாளுக்குப் பின் பெண்களுக்கு உண்டாகும் களைப்பையும் மனச்சோர்வையும் குறிக்கத் 'திருநாள் நோய்க்குறி' என்று பொருள்படும் ஒரு சொல்லே கொரிய மொழியில் உருவாகிவிட்டது.

2022 செப்டம்பரில் இதற்கு எதிர்பாராத இடத்திலிருந்து விடை வந்தது. கன்பூசிய மரபின் தலைமை நிலையமாகிய சொங்க்யுன்க்வான், எளிய படையல் முறை ஒன்றை அறிவித்தது. எண்ணெயில் பொரித்த பண்டங்கள் தேவையில்லை என்றும், நிறத்தையும் திசையையும் கூறும் சூத்திரங்கள் பழைய சடங்கு நூல்களில் காணப்படவில்லை என்றும் அது தெளிவுபடுத்தியது. தொன்மையானது என்று நம்பப்படும் ஒவ்வொன்றும் தொன்மையானதன்று என்பதை மரபின் காவலரே எடுத்துரைத்தது குறிப்பிடத்தக்கது.

அகவையை உண்ணுதல்

வழிபாட்டுக்குப் பின் அனைவரும் உண்பது 'தொக்குக்'. அரிசிமாவை அவித்து இடித்து, நீண்ட வெண்கோலாக உருட்டி, சாய்வான வில்லைகளாக நறுக்கித் தெளிந்த இறைச்சிச் சாற்றில் இடுவர். வெண்மை புதிய தொடக்கத்துக்கும், நீண்ட வடிவம் நீண்ட ஆயுளுக்கும் அடையாளமாகக் கொள்ளப்படுகின்றன. வடபகுதியில் இறைச்சி பொதிந்த கொழுக்கட்டையையும் இதனுடன் சேர்ப்பர். முற்காலத்தில் சாற்றுக்குக் காட்டுக்கோழி வகையான ஃபெசண்ட் பறவை விரும்பப்பட்டது. அது கிடைக்காதவர் வீட்டுக்கோழியை இட்டனர். 'ஃபெசண்டுக்குப் பதில் கோழி' என்னும் கொரியப் பழமொழி இவ்வழக்கத்திலிருந்தே வந்தது என்பர். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என நாம் சொல்வதும் இக்கருத்தையே.

தமிழில் அகவை 'ஆகிறது' அல்லது 'நிறைகிறது'. கொரிய மொழியில் அகவையை 'உண்கின்றனர்'. ஓர் அகவை கூடியது என்பதற்கு 'ஓர் அகவையை உண்டேன்' என்பதே வழக்கு. எனவே புத்தாண்டுக் காலையில் ஒரு கிண்ணம் தொக்குக் உண்டவர் ஓர் அகவையையும் உண்டவராகிறார். அகவையைக் கூட்டும் பண்டம் என்னும் பொருளில் இதற்கு ஒரு பழைய பெயரும் உண்டு. எத்தனை கிண்ணம் தொக்குக் உண்டாய் என்று குழந்தையிடம் கேட்டால் அது அகவையை வினவும் கேள்வியாகும்.

மரபுக் கணக்கில் குழந்தை பிறந்தவுடன் அதற்கு ஓர் அகவை. அதன்பின் பிறந்தநாளுக்குக் காத்திராமல், ஆண்டு பிறக்கும்போது அனைவரும் ஒருசேர ஓர் அகவை கூடுகின்றனர். ஆண்டின் இறுதி நாளில் பிறந்த குழந்தைக்கு மறுநாளே இரண்டு அகவை. 2023 சூன் 28 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், அலுவல் முறையில் பிறந்தநாளை ஒட்டிய கணக்கையே பொதுவாக்கியது. ஆயினும் யார் மூத்தவர் என்பது பேச்சில் எந்த வினைமுடிவைப் பயன்படுத்துவது என்பதையே தீர்மானிக்கும் ஒரு மொழியில், அகவை வெறும் எண்ணாகிவிடாது. புதிதாக அறிமுகமாகும் இருவர் ஒருவர் அகவையை மற்றவர் விரைவில் கேட்டறிவது இதனாலேயே.

வணக்கமும் வாழ்த்தும்

திருநாளின் நடுநாயகமான நிகழ்ச்சி 'சேபே'. இளையோர் முதியோர் முன் முழந்தாளிட்டு, நெற்றி தாழ வணங்குவர். ஆண்கள் இடக்கையை வலக்கைமேல் வைப்பர். பெண்கள் வலக்கையை மேலே வைப்பர். துக்க நிகழ்ச்சிகளில் இம்முறை மாறும். வணக்கத்தை ஏற்ற முதியவர் நல்வாழ்த்துக் கூறிப் பணம் அளிப்பார். அவ்வாழ்த்துக்குத் 'தொக்தாம்' என்று பெயர். நற்பண்பு சார்ந்த பேச்சு என்பது அதன் சொற்பொருள்.

இந்நாளில் எங்கும் கேட்கும் வாழ்த்து, 'சேஹே போக் மானி பாதுசேயோ' என்பதாகும். சேஹே என்பது புத்தாண்டு. போக் என்பது நற்பேறு. மானி என்பது மிகுதியாக. பாதுசேயோ என்பது பெறுங்கள். தமிழில் 'புத்தாண்டில் நற்பேறு மிகுதியாகப் பெறுங்கள்' என அதே வரிசையில் சொல்லலாம்; ஒரு சொல்லையும் இடம் மாற்ற வேண்டியதில்லை. வினை இறுதியில் நிற்பதும், அடை முன்னே வருவதும் இரு மொழிக்கும் பொது. 'போக்' என்பது சீனத்திலிருந்து கொரியர் பெற்ற சொல். சீனப் புத்தாண்டின்போது அண்டை வீட்டுக் கதவில் செந்தாளில் ஒட்டப்பட்டிருக்கும் எழுத்தும் அதுவே. நம் ஊர் ஹொக்கியன் மக்கள் அதை 'ஹொக்' என்பர்.

இவ்வாழ்த்தில் மொழிசார்ந்த ஒரு நுட்பம் உண்டு. 'பெறுங்கள்' என்பது எவ்வளவு பணிவாக அமைந்தாலும் ஏவல். இளையவர் முதியவரை ஏவலாமா? தென்கொரியாவின் தேசிய மொழி நிறுவனம் 2011இல் வெளியிட்ட மொழி மரியாதை வழிகாட்டி, வணங்குதலே வாழ்த்து. வணங்கும்போது தனியே ஏதும் கூற வேண்டியதில்லை. பெரியவரே முதலில் பேசட்டும் என்கிறது. நீடு வாழ்க என்பது போன்ற வாழ்த்துகளையும் தவிர்ப்பது நன்று. தமக்கு முதுமை வந்துவிட்டதோ என்னும் எண்ணத்தை அவை பெரியவரிடம் எழுப்பக்கூடும் என்கிறது. வாழ்த்தும் வருத்தக்கூடும் என எண்ணிப் பார்த்த நுண்ணுணர்வு இது.

முதியவர் கூறும் வாழ்த்தின் பழைய வடிவம் மேலும் வியப்புக்குரியது. இவ்வாண்டு தேர்வில் வெற்றி பெறுவாயாக என்று அவர் சொல்வதில்லை. 'இவ்வாண்டு தேர்வில் வெற்றி பெற்றாயாமே, மகிழ்ச்சி!' என்பார். நிகழ வேண்டியதை நிகழ்ந்துவிட்டதாகவே பாராட்டுவார். தமிழ் ஆசிரியர்களுக்கு இது புதிதன்று. இன்னும் வந்து சேராதவர் 'இதோ வந்துவிட்டேன்' என்பதைக் கால வழுவமைதி என்கிறோம். விரைவு, தெளிவு முதலிய காரணங்களால் எதிர்காலம் இறந்தகாலமாகச் சொல்லப்படுவதை நம் இலக்கண நூலார் ஏற்றுக்கொண்டனர். கொரிய முதியவரின் வாழ்த்தை அத்தெளிவின்பாற் படுத்தலாம். சொன்ன சொல் பலிக்கும் என்னும் நம்பிக்கையே அங்கு இறந்தகாலமாக உருக்கொள்கிறது.

முறைப்பெயர்களின் ஒழுங்கு

ஒரே கூடத்தில் மூன்று தலைமுறையினர் கூடும்போது முறைப்பெயர்கள் உயிர்பெறுகின்றன. தந்தையின் அண்ணனைக் கொரியர் 'பெரிய தந்தை' என்றும், தம்பியைச் 'சிறிய தந்தை' என்றும் பொருள்படும் சொற்களால் அழைக்கின்றனர். பெரியப்பா, சித்தப்பா என்னும் நம் சொற்களை இவை அப்படியே ஒத்துள்ளன.

ஆனால் ஒற்றுமை அத்துடன் நின்றுவிடுகிறது. தமிழில் தாயின் அக்காளும் பெரியம்மா. அவர் கணவரும் பெரியப்பா. தாயின் உடன்பிறந்த ஆண் மட்டும் மாமா. உடன்பிறந்தார் ஒரே பாலினரா, வேறு பாலினரா என்பதே நம் முறைமையின் அடிப்படை. கொரியமோ தந்தைவழி, தாய்வழி என்னும் பிரிவையே அடிப்படையாகக் கொள்கிறது. தாயின் சகோதரி 'ஈமோ'. தந்தையின் சகோதரி 'கோமோ'. தாய்வழிப் பாட்டியின் பெயருக்கு முன் 'வெளி' என்னும் பொருள்தரும் 'வே' சேர்கிறது.

மற்றொரு வேறுபாடு, அழைப்பவரின் பால். தமிழில் ஆணும் பெண்ணும் மூத்தவனை அண்ணன் என்றே அழைப்பர். கொரியத்தில் ஆண் தன் அண்ணனை 'ஹ்யொங்' என்பான். பெண் 'ஓப்பா' என்பாள். அக்காளை ஆண் 'நூனா' என்பான். பெண் 'ஒன்னி' என்பாள். தொடர்நாடகம் பார்க்கும் மாணவர்கள் ஓப்பா என்றால் அண்ணன் என்று மட்டும் கொள்வது முழுமையாகாது; பேசுபவர் பெண் என்னும் செய்தியும் அச்சொல்லிலேயே அடங்கியுள்ளது.

உறவின் தொலைவை எண்ணால் அளப்பதும் கொரியரின் தனிச்சிறப்பு. பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையே ஒரு 'சோன்', அதாவது ஒரு கணு. உடன்பிறந்தார்க்கு இரண்டு. தந்தையின் உடன்பிறந்தாருக்கு மூன்று. அவர் பிள்ளைகளுக்கு நான்கு. 'சாம்சோன்' என்று சிற்றப்பனை அழைக்கும் குழந்தை, மூன்று கணு என்று எண்ணியே அழைக்கிறது. கணவனுக்கும் மனைவிக்கும் இடையே எண் இல்லை, அவர்கள் கணுவற்றவர்கள்.

இங்கே நம்மவர் அடிக்கடி எழுப்பும் ஒரு வினாவுக்கு விடை கூறுவது கடமை. கொரியக் குழந்தை தந்தையை 'ஆப்பா' என்றும் தாயை 'ஒம்மா' என்றும் அழைப்பதால் இரு மொழியும் ஓரினமா? 1905இல் ஹோமர் ஹல்பர்ட் என்னும் அமெரிக்கர் கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு நூலே எழுதினார். இன்றைய மொழியியல் அவ்வுறவை ஏற்பதில்லை. குழந்தைகள் எளிதில் ஒலிக்கும் இதழொலிகளிலிருந்தே உலகின் பல மொழிகளிலும் தாய், தந்தை பெயர்கள் தோன்றுகின்றன என்பதை 1960இல் ரோமன் யாகோப்சன் விளக்கினார். ஆகவே இவ்வொற்றுமை மொழிகளின் உறவைக் காட்டாது. மழலையின் பொதுமையைக் காட்டும்.

சொற்களில் எழுந்த வழக்கு

முறைப்பெயர்கள் அன்பை மட்டும் சுமப்பதில்லை, ஏற்றத்தாழ்வையும் சுமக்கின்றன. கொரிய மருமகள் கணவனின் மணமாகாத தம்பியைத் 'தோர்யொன்னிம்' என்றும், தங்கையை 'ஆகாஷி' என்றும் அழைப்பது மரபு. முன்னாளில் பணியாளர் தம் தலைவரின் பிள்ளைகளை அழைத்த உயர்வுச் சொற்களின் சாயல் இவற்றில் உண்டு. கணவனோ மனைவியின் உடன்பிறந்தாரைச் 'சொனாம்', 'சொஜே' என உயர்வுக் குறியேதும் இன்றி அழைக்கிறான். கணவனின் இல்லத்துக்கு மதிப்புச் சொல். மனைவியின் இல்லத்துக்கு வெறும் 'வீடு'.

ஆணை மட்டும் குடும்பத் தலைவனாகப் பதியும் சட்டமுறை 2008இல் ஒழிந்தது. ஆனால் சட்டத்திலிருந்து நீங்கியது நாவிலிருந்து நீங்கவில்லை. ஒவ்வொரு சொல்லாலின்போதும் மருமகள்கள் இதனை உணர்ந்தனர். பொதுவெளியில் விவாதம் எழுந்தது. 2020இல் தேசிய மொழி நிறுவனம் வெளியிட்ட புதிய வழிகாட்டி, கணவனின் இளைய உடன்பிறந்தாரைப் பெயருடன் மரியாதை ஒட்டுச் சேர்த்து அழைக்கலாம் என்றது. முறைமையை முற்றும் துறக்காமல், அதற்குள் ஒரு மாற்று வழியை அது திறந்தது. முதியோர் சிலருக்கு இது மரபின் தேய்வு. இளைய பெண்கள் பலருக்கு இது நெடுநாள் காத்திருந்த நீதி. இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் ஒன்று உண்டு: அழைக்கும் சொல் அற்பமானதன்று.

வாழ்த்துச் சொல்லும் இவ்வாறே சிக்கலுக்குள்ளானது. எப்போது திருமணம், வேலை கிடைத்ததா, குழந்தை எப்போது என முதியோர் கேட்பது அவர்களுக்கு அக்கறை. கேட்கும் இளையோருக்கு அது தொல்லை. இதனைத் தொக்தாம் எனக் கொள்ளாமல் நச்சரிப்பு என்று பொருள்படும் 'ஜான்சோரி' என்னும் சொல்லால் அவர்கள் குறிக்கின்றனர். தனியே சொல்லாலைக் கழிப்போரைக் குறிக்கவும் புதிய சொல் தோன்றியுள்ளது. ஒரே பேச்சு, சொல்பவருக்கு வாழ்த்து, கேட்பவருக்குச் சுமை என்னும் இந்த இடைவெளியைத் தலைமுறை இடைவெளி என்று சொல்லிக் கடந்துவிட இயலாது. வருவது வந்துவிட்டதாக மகிழும் பழைய வாழ்த்து, வராததை ஏன் வரவில்லை என்று வினவும் வாழ்த்தாக மாறியதில் மொழி நடையின் மாற்றமும் அடங்கியுள்ளது.

வணங்குவதற்கு எவரும் எதிரே இல்லாத சொல்லாலும் உண்டு. தென்கொரியாவின் வட எல்லையை ஒட்டிய பாஜு நகரின் இம்ஜின்காக் பகுதியில் 'மாங்பேதான்' என்னும் வழிபாட்டு மேடை 1985இல் அமைக்கப்பட்டது. போரில் வடக்கிலுள்ள ஊரையும் உறவையும் பிரிந்தவர்கள் புத்தாண்டு நாளில் அங்கு கூடி, வடதிசை நோக்கி வணங்குகின்றனர். மறுமொழியாக வாழ்த்துச் சொல்ல அங்கு ஒருவரும் இல்லை. வணக்கத்தோடு வாழ்த்தும் சேர்ந்தால்தான் திருநாள் நிறைவுறும் என்பதை அம்மேடை எவரும் விளக்காமலே விளக்குகிறது.

வகுப்பறைக்கு ஒரு குறிப்பு

பிற பண்பாட்டைக் கற்பிக்கும்போது உணவு, உடை, விளையாட்டு எனப் பட்டியலிடுவது எளிது. அதனுடன் அழைக்கும் முறையையும் வாழ்த்தும் முறையையும் சேர்த்துக் கற்பித்தால் மாணவர் அப்பண்பாட்டின் உள்ளமைப்பை அறிவர். தம் மொழியின் அமைப்பையும் புதிதாகக் காண்பர். ஒரு தாளில் தம் குடும்பத்தின் கொடிவழியை வரைந்து, ஒவ்வொருவருக்கும் தமிழ் முறைப்பெயரையும் கொரிய முறைப்பெயரையும் எழுதச் சொல்லலாம். ஒரு தமிழ்ப்பெயருக்கு இரண்டு கொரியப் பெயர் தேவைப்படும் இடமும், இரண்டு தமிழ்ப்பெயருக்கு ஒரு கொரியப் பெயர் போதுமான இடமும் அவர்களே கண்டறிவர்.

அப்பயிற்சியில் வேறொன்றும் வெளிப்படக்கூடும். நம் இல்லங்களில் பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தை ஆகிய பலரும் 'அங்கிள்', 'ஆன்டி' என்னும் இரு சொற்களுக்குள் ஒடுங்கி வருகின்றனர். கொரியர் தம் முறைப்பெயர்களைப் பொதுவெளியில் விவாதித்து, ஏற்பன ஏற்று, மாற்ற வேண்டியவற்றை மாற்ற முயல்கின்றனர். நம் முறைப்பெயர்களோ விவாதம் ஏதுமின்றி நழுவுகின்றன. எவற்றைக் காப்பது, எவற்றை மாற்றுவது என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இருக்கலாம். அதனை முதலில் பேசியாக வேண்டும். அப்பேச்சைத் தொடங்குவதற்கு அடுத்த பெருநாளில் கூடும் நம் குடும்பமே ஏற்ற இடமாகும்.